வயிற்றுப்போக்கோடு சிறுநீரும் குறைந்துவிட்டது: எதனால் இருக்கும்?

திருச்சி_பாலா
அப்பாவுக்கு 68 வயது. முந்தாநாள் இரவிலிருந்து பேதி. தண்ணியாகப் போகிறது, ரத்தம் இல்லை, ஆரம்பத்தில் வாந்தியும் இருந்தது. ஒரு கல்யாணத்தில் சாப்பிட்டுவிட்டு வந்தார், அதே பந்தியில் சாப்பிட்ட இன்னும் சிலருக்கும் இதே கதைதான். பேதி இன்று கொஞ்சம் மட்டுப்பட்டிருக்கிறது. பயம் அதைப் பற்றியல்ல. நேற்று மதியத்திலிருந்து ஒன்றுக்குச் சரியாகப் போகவில்லை. இன்று காலை வந்தது அரை டம்ளர்கூட இருக்காது, நல்லெண்ணெய் நிறத்தில் இருந்தது. தண்ணீர் குடிக்கச் சொன்னால், "குடித்தால் அப்படியே வெளியே வருகிறது, எதற்கு?" என்று மறுக்கிறார். பிபி, சுகர் இரண்டுக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். "பேதி நின்றால் எல்லாம் தானாகச் சரியாகும்" என்கிறார் அம்மா. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா, இல்லை கிட்னியில் தனியாக ஏதாவது கோளாறா?

வைகைக்கரை
சம்பந்தம் உண்டு பாலா. உடம்பில் தண்ணீர் இல்லை, அதனால் சிறுநீர் இல்லை. ஓஆர்எஸ் கொடுங்கள், மாலைக்குள் வந்துவிடும். என் மாமனாருக்கும் இப்படித்தான் ஆனது.

செவிலி_மீனா
நான் டயாலிசிஸ் பிரிவில் வேலை பார்க்கும் நர்ஸ். வைகைக்கரை அண்ணன் சொன்னதுதான் பெரும்பாலும் காரணம். ஆனால் 68 வயது, பிபி, சுகர் என்று படித்ததும் "மாலைக்குள் வந்துவிடும்" என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. இவற்றைப் பார்த்துச் சொல்லுங்கள்:

தொப்புளுக்குக் கீழே அடிவயிறு உப்பலாக, தொட்டால் கெட்டியாக இருக்கிறதா? முட்டிக்கொண்டு வருகிறது, ஆனால் போக முடியவில்லை என்கிறாரா? அப்படியானால் சிறுநீர் உண்டாகிறது, வெளியேறத்தான் வழியில்லை. வயிறு தட்டையாக, அவசரமே தோன்றாமல் இருந்தால் உண்டாவதே குறைந்திருக்கிறது. இந்த இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு.

வயிற்று வலிக்கு என்ன மாத்திரை கொடுத்தீர்கள்? டைசைக்ளோமின் சேர்ந்த மாத்திரை நம் ஊரில் எல்லா மருந்துக்கடையிலும் கிடைக்கிறது. புராஸ்டேட் வீக்கம் உள்ள பெரியவர்களுக்கு அதனால் சிறுநீர் அடைத்துக்கொள்வது உண்டு. பேதியை நிறுத்தும் லோபரமைடாலும் சிலருக்கு அப்படி ஆகலாம்.

எழுந்து நிற்கும்போது தலை சுற்றுகிறதா? நாக்கு வறண்டிருக்கிறதா? வழக்கத்தைவிட மந்தமாகப் பேசுகிறாரா?

கடைசியாக, தினமும் சாப்பிடும் மாத்திரைகளின் பெயர்கள். அட்டையைப் பார்த்தே எழுதுங்கள்.

திருச்சி_பாலா
அக்கா, அடிவயிறு தட்டையாகத்தான் இருக்கிறது, அவசரமும் இல்லை என்கிறார். வயிற்று வலி மாத்திரை எதுவும் கொடுக்கவில்லை. நாக்கு வறண்டிருக்கிறது, பாத்ரூமுக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் போகிறார். மாத்திரைகள்: டெல்மிசார்ட்டனும் ஹைட்ரோகுளோரோதயசைடும் சேர்ந்தது காலையில் ஒன்று, மெட்ஃபார்மின் இரண்டு வேளை. முழங்கால் வலிக்கு டைக்ளோஃபெனாக், கல்யாணத்துக்கு அலைந்ததால் இந்த வாரம் தினமும் போட்டிருக்கிறார். இன்று காலையும் எல்லா மாத்திரையும் சாப்பிட்டாகிவிட்டது.

மருந்துக்கடை_ராசு
தம்பி, முதலில் அந்த டைக்ளோஃபெனாக் அட்டையை எடுத்து ஒளித்து வையுங்கள். பிறகு அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். சும்மா சொல்லவில்லை.

நான் மருந்தாளுநர், இந்த மூன்று மருந்தும் ஒரே வீட்டில் இருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். உடம்பில் நீர் குறையும்போது, சிறுநீரக வடிகட்டிக்குள் ரத்த அழுத்தம் விழாமல் இருக்க இரண்டு ஏற்பாடுகள் உண்டு. வடிகட்டிக்குள் வரும் சிறு ரத்தக்குழாயை, உடம்பே உண்டாக்கும் புராஸ்டாகிளாண்டின் என்ற பொருள் விரித்து வைக்கிறது. வெளியேறும் குழாயை ஆஞ்சியோடென்சின் என்ற ஹார்மோன் இறுக்கிப் பிடிக்கிறது. டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் மாதிரியான வலி மாத்திரைகள் முதல் ஏற்பாட்டைக் கெடுக்கின்றன. டெல்மிசார்ட்டன், லோசார்ட்டன், எனாலாப்ரில், ராமிப்ரில் எல்லாம் இரண்டாவதைத் தளர்த்துகின்றன. இந்தப் பக்கம் தயசைடு, இருக்கிற உப்பையும் நீரையும் இன்னும் வெளியேற்றுகிறது. சாதாரண நாளில் மூன்றையும் உடம்பு தாங்கிக்கொள்ளும். பேதியில் தாங்காது.

மெட்ஃபார்மின் கிட்னியைக் கெடுக்காது. ஆனால் கிட்னி வேலை செய்யாவிட்டால் அது உடம்பிலேயே தங்கி, ரத்தத்தில் லாக்டிக் அமிலம் ஏறும் ஆபத்து உண்டு. இப்போது பலருக்கு எழுதப்படும் டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் வகை சுகர் மாத்திரைகளிலும் கவனம் வேண்டும். அவை சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றுபவை, கூடவே நீரும் போகும். சாப்பாடு இல்லாத நாளில் ரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலம் ஏறவும் இடம் உண்டு.

இதைப் படித்துவிட்டு யாரும் இன்சுலினை நிறுத்திவிடாதீர்கள். அது வேறு கணக்கு, அளவை டாக்டர்தான் மாற்ற வேண்டும்.

குளத்தங்கரை_டாக்டர்
ஓய்வுபெற்ற பொது மருத்துவர் எழுதுகிறேன். ராசு சொன்னது சரி. பாலா, இன்றே ரத்தப் பரிசோதனை வேண்டும்: யூரியா, கிரியாட்டினின் (இரண்டும் சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவுகள்), சோடியம், பொட்டாசியம். கூடவே சர்க்கரை, ஒரு இசிஜி. நாளைக்குத் தள்ளாதீர்கள்.

நீங்கள் கிளம்பும் நேரத்தில், உங்கள் அப்பாவின் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். பல வீடுகளில் கேட்ட கேள்வி அது. ஒரு நாளில் நாம் குடிப்பதும் சாப்பாட்டில் இருப்பதும் சேர்ந்து ஏறக்குறைய 2 லிட்டர் நீர் குடலுக்குள் போகிறது. உமிழ்நீர், இரைப்பை நீர், பித்தம், கணைய நீர், குடல் சுரப்பு என்று உடம்பே இன்னும் 7 லிட்டர் ஊற்றுகிறது. இந்த 9 லிட்டரில் மலத்தோடு போவது 100, 200 மில்லிதான். மீதியைக் குடல் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. பேதியில் இந்த உறிஞ்சல் கெடுகிறது, சுரப்பும் கூடுகிறது. அதனால் வெளியே போவது அவர் குடித்த தண்ணீர் மட்டுமல்ல, உடம்பின் சொந்தத் தண்ணீரும் உப்பும்தான். குடிப்பதை நிறுத்தினாலும் அது போய்க்கொண்டேதான் இருக்கும்.

சிறுநீர் குறைவது உடம்பின் தற்காப்பு. நீர் குறைந்ததும் மூளையிலிருந்து வாசோபிரஸ்ஸின் என்ற ஹார்மோன் சுரந்து, "ஒரு சொட்டையும் விடாதே" என்று சிறுநீரகத்துக்கு உத்தரவு போடுகிறது. ஆனால் அதற்கும் எல்லை உண்டு. தினசரிக் கழிவைக் கரைத்து அனுப்ப, நல்ல சிறுநீரகத்துக்கே குறைந்தது அரை லிட்டர் சிறுநீர் வேண்டும். வயதானவர்களின் சிறுநீரகத்தால் அவ்வளவு அடர்த்தியாக்க முடியாது, இன்னும் கூடுதலாகத் தேவை. பெரியவர்களுக்கு ஒரு நாளில் 400 மில்லிக்குக் கீழே போனால் நாங்கள் உஷாராகிவிடுவோம். 60 கிலோ எடையுள்ளவருக்கு மணிக்கு 30 மில்லியாவது வர வேண்டும் என்பது வார்டு கணக்கு.

தற்காப்பாக ஆரம்பித்தது நீண்டுகொண்டே போனால் ரத்தம் போதாமல் சிறுநீரக நுண்குழாய்களின் செல்கள் அடிபட ஆரம்பிக்கும். அதற்குப் பிறகு எவ்வளவு நீர் ஏற்றினாலும் சிறுநீர் உடனே வராது. "பேதி நின்றால் தானாகச் சரியாகும்" என்ற அம்மாவின் கணக்கு அங்கேதான் பொய்க்கும். பேதி நின்றது நல்லதுதான், ஆனால் போன நீர் திரும்பி வரவில்லையே!

சோழநாட்டுச்_சித்தன்
எல்லாரும் மாத்திரை, ரத்தப் பரிசோதனை என்று பயமுறுத்துகிறீர்கள். மாதுளை ஓட்டைக் காயவைத்துப் பொடித்து மோரில் கொடுத்தால் பேதி நிற்கும். இளநீர் இரண்டு வேளை கொடுத்தால் ஒன்றுக்குத் தாராளமாகப் போகும். நம் தாத்தா பாட்டி டயாலிசிஸ் செய்தா வாழ்ந்தார்கள்?

செவிலி_மீனா
சித்தன் ஐயா, மோரில் எனக்குச் சண்டை இல்லை. உப்புப் போட்ட நீர்மோர், கஞ்சித் தண்ணீர் எல்லாம் ஓஆர்எஸ் கைக்கு வரும்வரை நல்ல பானங்கள்தான். இளநீரைத்தான் இந்த இடத்தில் ஒப்புக்கொள்ள மாட்டேன். அதில் சோடியம் குறைவு, பொட்டாசியம் மிக அதிகம். பேதியில் அதிகம் இழப்பது சோடியத்தை, அதனால் அதற்கு இளநீர் ஈடாகாது. சிறுநீர் போகாத நேரத்தில் உள்ளே போன பொட்டாசியம் வெளியேற வழியும் கிடையாது. அது ரத்தத்தில் ஏறினால் இதயத் துடிப்பையே குழப்பும். டெல்மிசார்ட்டன் வேறு தன் பங்குக்குப் பொட்டாசியத்தைத் தக்கவைக்கும். வேறு கோளாறில்லாத இளைஞர் இளநீர் குடித்தால் நான் வாயைத் திறக்க மாட்டேன். சிறுநீர் நின்ற பெரியவருக்குப் பரிசோதனை முடிவு வரும்வரை வேண்டாம்.

தாத்தா பாட்டி விஷயம்: அந்தக் காலத்தில் காலராவில் ஊர் ஊராகச் செத்தார்கள். மாரியம்மன் கோயிலில் வேண்டிக்கொண்டது அதற்கும் சேர்த்துத்தான்.

மருந்துக்கடை_ராசு
ஓஆர்எஸ் பற்றி நானும் கொட்டிவிடுகிறேன். கடையில் தினமும் நடக்கும் கூத்து இது. ஒரு லிட்டருக்கான பாக்கெட்டை வாங்கிப் போய், ஒரு டம்ளரில் கொஞ்சம் தூவிக் கலக்குகிறார்கள். ருசிக்காக மேலே சர்க்கரை வேறு. அடர்த்தி கூடினால் குடலுக்குள் இன்னும் நீர் இறங்கிப் பேதி கூடும். முழு பாக்கெட், ஒரு லிட்டர் நல்ல தண்ணீர், 24 மணி நேரத்துக்குள் குடிக்க வேண்டும், மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். 200 மில்லிக்கான சின்னப் பாக்கெட்டும் விற்கிறது, அட்டையைப் படியுங்கள். வீட்டில் செய்வதென்றால் ஒரு லிட்டருக்கு ஆறு சிறு கரண்டி சர்க்கரை, அரைக் கரண்டி உப்பு, இரண்டையும் தலைதட்டி எடுக்க வேண்டும்.

"சுகர் இருக்கிறது, குளுக்கோஸ் வேண்டாம்" என்று சிலர் திருப்பிக் கொடுக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கலவையில் ஒரு லிட்டருக்குக் குளுக்கோஸ் 13.5 கிராம்தான். அதுவும் இனிப்புக்காகச் சேர்த்ததில்லை. குடல் சுவரில் குளுக்கோஸும் சோடியமும் ஜோடியாகத்தான் உள்ளே நுழையும், பின்னாலேயே தண்ணீர் போகும். காலராவில்கூட இந்த வழி அடைபடுவதில்லை. 1971-இல் வங்காளதேச அகதிகள் மேற்கு வங்கத்தின் பன்காவ் முகாமில் காலராவால் செத்துக்கொண்டிருந்தபோது, ட்ரிப்ஸ் பாட்டில் தீர்ந்துபோய், டாக்டர் திலீப் மகாலனாபிஸ் இந்தக் கரைசலை டிரம்மில் கலக்கிக் கொடுத்தார். 30 சதவீதத்தை ஒட்டியிருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே வந்தது.

அப்புறம், ஓஆர்எஸ் என்று பெரிதாக அச்சடித்த பழச்சாறு டப்பாக்கள். அவை ஓஆர்எஸ் இல்லை, சர்க்கரைத் தண்ணீர். அந்தப் பெயரைப் பானங்களில் போடக்கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவே போட்டது.

திருச்சி_பாலா
ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டோம். ரிசல்ட்: யூரியா 118, கிரியாட்டினின் 2.4, சோடியம் 131, பொட்டாசியம் 5.3. ஆறு மாதத்துக்கு முன்பு கிரியாட்டினின் 1.1 இருந்தது. ட்யூட்டி டாக்டர் கிட்னி ஃபெயிலியர் என்ற வார்த்தையைச் சொன்னதும் அம்மா அழ ஆரம்பித்துவிட்டார். ட்ரிப்ஸ் ஏறிக்கொண்டிருக்கிறது. சிறுநீர் அளக்கக் குழாய் போட்டிருக்கிறார்கள். டயாலிசிஸ் வரை போகுமா?

குளத்தங்கரை_டாக்டர்
அம்மாவிடம் சொல்லுங்கள், இது திடீரென வந்தது. பல வருடங்களாக மெல்லத் தேய்ந்து வரும் சிறுநீரகச் செயலிழப்பு வேறு. ஆறு மாதத்துக்கு முன்பு 1.1 என்பது நல்ல சேதி.

எண்களைப் படிக்கும்போது ஒரு விஷயம். நம் ஊர் லேப்களில் பெரும்பாலும் யூரியா என்று போடுகிறார்கள். வெளிநாட்டுக் கட்டுரைகளில் வருவது யூரியாவில் உள்ள நைட்ரஜன் மட்டும். 118-ஐ 2.14-ஆல் வகுத்தால் 55. அதைக் கிரியாட்டினினால் வகுத்தால் 23 வருகிறது. 20-க்கு மேல் என்றால் நீர் வறட்சியால் வந்த சிறுநீரகப் பாதிப்பின் பக்கம் சாய்கிறது. இதை மட்டும் வைத்து முடிவு கட்டக்கூடாது, சிறுநீரில் சோடியம் எவ்வளவு என்றும் பார்ப்பார்கள். ஆனால் கல்யாணச் சாப்பாடு, பேதி, மூன்று மாத்திரை என்று கதை பொருந்துகிறது.

இனிமேல் பார்க்க வேண்டியது, நீர் ஏறியபின் சிறுநீர் திரும்புகிறதா என்பது. சில மணி நேரத்தில் திரும்பினால் நுண்குழாய்கள் பிழைத்துவிட்டன என்று எடுத்துக்கொள்ளலாம். இரத்த அழுத்தம், நாடி எல்லாம் தேறியும் சிறுநீர் வரவில்லையென்றால் நுண்குழாய்கள் அடிபட்டிருக்கும், அல்லது காரணமே வேறாக இருக்கும். நுண்குழாய் அடிபட்டாலும் பெரும்பாலும் சில வாரங்களில் தேறும், இடையில் சிலருக்குச் சில முறை டயாலிசிஸ் தேவைப்படலாம்.

மணப்பாறை_மைனர்
சிறுநீர் வரவில்லையென்றால் லாசிக்ஸ் என்ற நீர் பிரிக்கும் ஊசி ஒன்று போட்டால் வந்துவிடுமே? பக்கத்து வீட்டுக்காரருக்கு அப்படித்தான் வந்தது.

குளத்தங்கரை_டாக்டர்
பக்கத்து வீட்டுக்காரருக்கு உடம்பில் நீர் தேங்கியிருந்திருக்கும். வறண்ட கிணற்றில் பம்ப் குதிரைத்திறனைக் கூட்டினால் தண்ணீர் வந்துவிடுமா? இருக்கிற கொஞ்சமும் போகும். இவருக்கு இப்போது அது வேண்டாம்.

எல்பே_நதிக்கரை
ஹாம்பர்க்கில் இருந்து எழுதுகிறேன். டாக்டர் "காரணமே வேறாக" என்று விட்ட இடத்தில் ஒன்று சேர்க்கிறேன். 2011 மே, ஜூன் மாதங்களில் இங்கே ஒரு ஈகோலை கிருமி பரவியது. 3,800 பேருக்கும் மேல் பாதிக்கப்பட்டார்கள், 800-க்கும் மேற்பட்டோருக்குச் சிறுநீரகம் கெட்டது, 50-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முதலில் ஸ்பெயின் வெள்ளரிக்காய் மேல் பழி விழுந்தது. கடைசியில் பார்த்தால் முளைகட்டிய வெந்தயம்! எகிப்திலிருந்து வந்த விதை. நம் வீட்டில் வெந்தயத்தை முளைகட்டிப் பச்சையாகச் சாப்பிடும் பழக்கம் அன்றோடு நின்றது, இப்போது வேகவைத்துத்தான்.

அப்போது இங்கே எல்லாருக்கும் மனப்பாடமான வரிசை இது: முதலில் பேதி, பிறகு அதில் ரத்தம், பிறகு பேதி குறைந்து ஆள் தேறுவதுபோல் தெரியும், அப்போதுதான் சிறுநீர் குறையத் தொடங்கும். முகம் வெளிறும், தோலில் சிவப்புப் புள்ளிகள் வரும்.

குளத்தங்கரை_டாக்டர்
நல்ல இடத்தில் நினைவுபடுத்தினீர்கள். அந்தக் கிருமியின் ஷிகா நச்சு ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தின் நுண்ணிய ரத்தக்குழாய்களைத் தாக்குகிறது. அங்கே குட்டிக் குட்டி உறைகட்டிகள் உண்டாகின்றன, அவற்றில் மோதிச் சிவப்பணுக்கள் உடைகின்றன, தட்டணுக்களும் அங்கேயே செலவாகிக் குறைகின்றன. பேதி தொடங்கி ஏறத்தாழ ஒரு வாரத்தில் இது வெளிப்படும். ஜெர்மனியில் பெரியவர்களைத்தான் அதிகம் தாக்கியது. வழக்கமாகப் பாதிக்கப்படுவது ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள்.

நம் பக்கத்தில் இதே கோளாறு சீதபேதிக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தது. ஷிகெல்லா கிருமியின் ஒரு வகைக்கும் அதே நச்சு உண்டு. தென்னிந்தியக் குழந்தைகளில் இதைக் கண்டதாக வேலூர் மருத்துவர்கள் 1978-இலேயே எழுதியிருக்கிறார்கள். மலத்தில் ரத்தம் இருந்தால் லோபரமைடு கொடுக்காதீர்கள் என்று நாங்கள் கத்துவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆன்டிபயாடிக்கும் கடையில் வாங்கிக் கொடுக்கக்கூடாது. ஷிகெல்லாவுக்கு அது வேண்டும், அந்த ஈகோலைக்குக் கொடுத்தால் நிலைமை மோசமாகலாம். எது என்று மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

நிலாவின்_அம்மா
இதையெல்லாம் படித்து எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. பாப்பாவுக்கு 9 மாதம். நேற்றிலிருந்து தண்ணியாகப் போகிறாள், ரத்தம் இல்லை, தாய்ப்பால் குடிக்கிறாள். டயப்பரில் எல்லாம் கலந்து இருப்பதால் ஒன்றுக்குப் போனாளா என்றே தெரியவில்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?

செவிலி_மீனா
டயப்பரைக் கழற்றிவிட்டுப் பழைய பருத்தித் துணி கட்டும்மா. ஒன்றுக்குப் போனால் முன்பக்கம் தனியாக நனையும். அல்லது டயப்பருக்குள் முன்பக்கமாகக் கொஞ்சம் பஞ்சு வைத்துப் பார். ஆறு மணி நேரத்துக்கு மேல் நனையவே இல்லையென்றால் தூக்கிக்கொண்டு கிளம்பு. கண் குழி விழுந்திருப்பது, அழும்போது கண்ணீர் வராதது, உச்சிக்குழி பள்ளமாகத் தெரிவது, வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மெதுவாகத் திரும்புவது, இவற்றில் எது இருந்தாலும் அந்த ஆறு மணி நேரத்துக்குக்கூடக் காத்திருக்காதே. துவண்டு, பால் குடிக்காமல் தூங்கிக்கொண்டே இருந்தால் அது அவசரம்.

பாலை நிறுத்தாதே. ஓஆர்எஸ்ஸை ஸ்பூனால் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடு. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு மறுபடி தொடங்கு. ஜிங்க் மருந்து கேட்டு வாங்கு, ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்குத் தினம் 20 மில்லிகிராம், பேதி நின்றபிறகும் மொத்தம் 14 நாள். எப்படியும் இன்று ஒருமுறை குழந்தை டாக்டரிடம் காட்டிவிடு.

கூடல்நகர்_கணேஷ்
நிலாவின் அம்மாவுக்கு ஒரு கேள்வி: குழந்தைக்கு இருமல் சிரப் ஏதாவது கொடுத்தீர்களா? பேதியும் சிறுநீர் நிற்பதும் சேர்ந்து வந்தால் இதையும் கேட்டாக வேண்டிய காலம் இது. டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சுக் கரைப்பான் கலந்த சிரப்பைக் குடித்தால் வயிற்று வலி, வாந்தி, பேதி, பிறகு சிறுநீர் நிற்பது என்றுதான் தொடங்கும். 2022-இல் காம்பியாவில் 70 குழந்தைகளை ஒட்டி இறந்தார்கள். 2025-இல் மத்தியப் பிரதேசம் சிந்த்வாடாவில் 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள். அந்த சிரப் தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். அனுமதிக்கப்பட்ட அளவு 0.1 சதவீதம், அதில் இருந்தது 48.6 சதவீதம்.

எல்லாக் குழந்தைக்கும் சாதாரணச் சளி, காய்ச்சலாகத்தான் ஆரம்பித்தது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு இருமல், சளி சிரப் தேவையே இல்லை என்று டாக்டர்கள் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

நிலாவின்_அம்மா
கொடுக்கவில்லை அண்ணா. துணி கட்டியிருக்கிறேன், இப்போதுதான் முன்பக்கம் நனைந்தது. மாலை டாக்டரிடம் போகிறோம். மீனா அக்காவுக்கு நன்றி.

வடமராட்சியான்
எங்கட பக்கத்தில் மழைக்காலத்தில் காய்ச்சலும் சலம் (சிறுநீர்) குறைவதும் சேர்ந்து வந்தால் முதலில் எலிக்காய்ச்சலைத்தான் நினைப்பார்கள். கண் சிவக்கும், கெண்டைக்கால் தசை தொட முடியாமல் நோகும். சிலருக்கு வயிற்றோட்டமும் வரும், அதனால் "சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை" என்று இருந்துவிடுகிறார்கள். 2024 டிசம்பரில் வெள்ளத்துக்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் பரவி இறப்புகளும் நடந்தன. வயலில் இறங்குகிறவர்களுக்கு டொக்சிசைக்கிளின் குளிசை முன்கூட்டியே கொடுத்தார்கள். வெள்ளத்தில் நடந்தீர்களா, வயலில் நின்றீர்களா என்று வைத்தியர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்.

டெங்குவும் அப்படித்தான். காய்ச்சல் விட்டபிறகு வயிற்றுவலி, வாந்தி, வயிற்றோட்டம், சலம் குறைவு என்றால் வீட்டில் இருக்கக்கூடாது. அங்கே நீர் வெளியே போவதைவிட ரத்தக்குழாயிலிருந்து கசிந்து உள்ளேயே தேங்குவதுதான் பிரச்சினை. சும்மா ட்ரிப் ஏற்றிக்கொண்டே போனாலும் ஆபத்து, அளந்துதான் கொடுப்பார்கள்.

நாஞ்சில்_வாசி
சாப்பிட்ட பொருளும் சிறுநீரகத்தைக் கெடுக்கும். இலும்பன்புளி எங்கள் பக்கம் மீன் குழம்புக்குப் போடுவோம், அதில் பயமில்லை. கொழுப்பு குறையும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு அதைச் சாறாகப் பிழிந்து குடித்த சிலருக்குச் சிறுநீரகம் நின்றுபோனது கேரளத்தில் பதிவாகியிருக்கிறது. அதிலுள்ள ஆக்சலேட் படிகமாகி நுண்குழாய்களை அடைக்கிறது. ஸ்டார் ஃப்ரூட்டும் அதே குடும்பம். உடம்பில் நீர் குறைந்த நேரத்தில் இது இன்னும் மோசம்.

ஒட்டன்சத்திரம்_விவசாயி
கண்வலிக்கிழங்கை விட்டுவிட்டீர்களே. எங்கள் பக்கமும் மூலனூர்ப் பக்கமும் விதைக்காகப் பயிரிடுகிறோம். பூவைப் பார்த்தால் மாநில மலர், செங்காந்தள். கிழங்கில் இருப்பது கால்சிசின் விஷம். தெரியாமல் சாப்பிட்டாலும் வேண்டுமென்றே சாப்பிட்டாலும் சில மணி நேரத்தில் வாந்தி, காலரா மாதிரிப் பேதி. மறுநாள் கொஞ்சம் அடங்கியதுபோல் இருக்கும், அதற்கடுத்த நாட்களில் சிறுநீரகம், இதயம் என்று வரிசையாக விழும். களைக்கொல்லி பாராகுவாட்டும் அப்படித்தான், முதல் நாள் வாந்தி பேதியோடு பேசிக்கொண்டிருப்பார்கள். வீட்டில் யாருக்காவது மனக்கஷ்டம் இருந்து, திடீரென்று வாந்தி பேதி என்றால், கேட்கத் தயங்கக்கூடாது.

பாட்டியின்_பேத்தி
இது வேறு மாதிரி, ஆனால் யாரும் சொல்லவில்லை. படுக்கையில் இருக்கும் என் பாட்டிக்குப் பேதி என்று மருந்து கொடுத்துக்கொண்டிருந்தோம், சிறுநீரும் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. பரிசோதித்த டாக்டர், இது பேதியே இல்லை, மலச்சிக்கல் என்றார்! மலக்குடலில் இறுகிய மலம் அடைத்துக்கொண்டு, அதன் ஓரமாகத் தண்ணீர் மட்டும் கசிந்திருக்கிறது. அதே அடைப்பு சிறுநீர்ப்பையின் வாயையும் அழுத்திவிட்டது. எனிமா கொடுத்து எடுத்தபிறகு இரண்டும் சரியாகின.

செவிலி_மீனா
முதியோர் வார்டில் இது சகஜம். பேதி மருந்து கொடுக்கக் கொடுக்க அடைப்பு இறுகும். பல நாள் மலம் போகாமல் இருந்து, அப்புறம் திடீரென்று கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்தால் சந்தேகப்பட வேண்டும்.

திருச்சி_பாலா
அப்பாவுக்கு நேற்று இரவிலிருந்து சிறுநீர் வர ஆரம்பித்து, இன்று தாராளமாகவே போகிறது. கிரியாட்டினின் 1.5-க்கு இறங்கிவிட்டது, பொட்டாசியம் 4.4. டயாலிசிஸ் பேச்சே இல்லை. டெல்மிசார்ட்டன், மெட்ஃபார்மின் இரண்டையும் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். பிபி 150-ஐத் தொடுகிறது என்று அம்மா பழைய மாத்திரையைக் கொடுக்கத் துடிக்கிறார். எப்போது தொடங்கலாம்?

குளத்தங்கரை_டாக்டர்
மகிழ்ச்சி. பிபி ஓரிரு நாள் 150-இல் இருப்பதால் ஒன்றும் ஆகிவிடாது, அம்மாவைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். பேதி முழுதும் நின்று, நன்றாகச் சாப்பிட்டுக் குடிக்க ஆரம்பித்து ஒன்றிரண்டு நாள் ஆனபின், கிரியாட்டினினை மறுபடி பார்த்துவிட்டு மருத்துவர் ஒவ்வொன்றாகத் தொடங்குவார். அதில் தயசைடு சேர்ந்ததையே திரும்பக் கொடுப்பதா, வேறு மாற்றுவதா என்று கேளுங்கள். அதுவரை சர்க்கரையை வீட்டில் பாருங்கள்.

சிறுநீர் இப்போது கூடுதலாகப் போனால் அதற்கு ஈடாகக் குடிக்க வேண்டும், இல்லையென்றால் மறுபடி வறட்சி. ஒரு வாரம் கழித்து ஒருமுறை, மூன்று மாதம் கழித்து ஒருமுறை கிரியாட்டினின் பாருங்கள், கூடவே சிறுநீரில் புரதமும்.

மருந்துக்கடை_ராசு
முழங்கால் வலிக்கு டைக்ளோஃபெனாக் மாத்திரை இனி வேண்டாம் பாலா. பாராசிட்டமாலும் மேலே தடவும் களிம்பும் போதுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். அப்பாவின் மாத்திரைப் பட்டியலைப் போனில் படம் எடுத்து வையுங்கள், அடுத்த தடவை எந்தக் கடைக்குப் போனாலும் வலி மாத்திரை கேட்பதற்கு முன்னால் அதைக் காட்டுங்கள்.